மின்னஞ்சல் எழுதும் முறை: எளிய உரையா, அலங்கார உரையா?

மலர்க் குழுவினர் இந்த ஆண்டு என்னிடம் கணினி பற்றி ஒரு கட்டுரை கேட்டார்கள். "ரொம்ப டெக்னிக்கலா வேண்டாம் சார், வீட்டில் எல்லாரும் படிக்கிற மாதிரி இருக்கட்டும்" என்று ஒரு நிபந்தனையும் போட்டார்கள். நியாயமான நிபந்தனைதான். ஆகவே நாம் அனைவரும் தினமும் செய்கிற, ஆனால் அதிகம் யோசித்துப் பார்க்காத ஒரு காரியத்தை எடுத்துக்கொண்டேன். அதுதான் மின்னஞ்சல் எழுதுவது.

"இப்போ யார் சார் மெயில் எழுதறா, எல்லாம் வாட்ஸ்அப்தானே?" என்று நம் இளைஞர்கள் கேட்பார்கள். வேலை உத்தரவு, கல்லூரி அறிவிப்பு, வங்கிக் கணக்கு விவரம், விசா சம்பந்தமான கடிதம், நம் சங்கத்தின் ஆண்டறிக்கை ஆகியவை இன்றும் மின்னஞ்சலில்தான் வருகின்றன. மேலும், இங்கே நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி வாட்ஸ்அப்புக்கும் பொருந்தும்.

மின்னஞ்சல் உலகில் ஒரு பழைய வழக்கு உண்டு. மடல் என்றால் எழுத்து மட்டும் இருந்தால் போதும், நிறமும் படமும் எதற்கு என்பது ஒரு கட்சி. இதை ஆங்கிலத்தில் பிளெயின் டெக்ஸ்ட் என்பார்கள். நாம் எளிய உரை என்போம். எழுத்தைத் தடிப்பாக்கலாம், வண்ணம் கொடுக்கலாம், அட்டவணை போடலாம், படம் சேர்க்கலாம், அதில் என்ன தப்பு என்பது மறு கட்சி. இவ்வகை மடல், வலைப்பக்கங்களை எழுதும் அதே எச்டிஎம்எல் முறையில் வருவது. இதை அலங்கார உரை என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இது பெரும்பாலும் ரசனை பற்றிய சண்டை. தமிழில் எழுதுகிற நமக்கோ இது எழுத்து போய்ச் சேருமா சேராதா என்ற பிரச்சினையாக இருந்தது. தமிழ்நாட்டுக்கு வெளியே பிள்ளைகளை வளர்க்கிற குடும்பங்களுக்கு இன்றும் அப்படித்தான் இருக்கிறது. அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடிதத்தில் இருந்த அலங்காரம்

முதலில் நம் வீட்டுப் பழக்கத்தைப் பார்ப்போம். கடிதம் எழுத நமக்கு ஒரு முறை இருந்தது. உச்சியில் பிள்ளையார் சுழி, வலப்பக்கம் ஊரும் தேதியும். பெரியவர்களுக்கு ‘அநேக நமஸ்காரம்’, சின்னவர்களுக்கு ‘ஆசீர்வாதம்’, பிறகு ‘நலம், நலமறிய அவா’. இதெல்லாம் முடிந்த பிறகுதான் விஷயம். நீல நிற இன்லண்ட் லெட்டரில் இடம் போதவில்லை என்றால் ஓரத்திலும் மடிப்பிலும் சுற்றிச் சுற்றி எழுதுவார்கள். கல்யாணப் பத்திரிகைக்கு நான்கு மூலையிலும் மஞ்சள். கருமாதிப் பத்திரிகை வந்தால் படித்த கையோடு கிழித்துப் போட்டுவிடுவார்கள்; வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள்.

ஆகவே அலங்காரம் வெட்டி வேலை என்று சொல்லிவிட முடியாது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட மஞ்சளைப் பார்த்ததும் "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டுவிடுவாள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தபால்காரர் பையில் மழை இறங்கி மஞ்சள் கரைந்து போனாலும் முகூர்த்த நாள், மண்டபம், மாப்பிள்ளை பெயர் எல்லாம் எழுத்தில் இருந்தன. மஞ்சள் செய்தியை வாழ்த்தியது. செய்தியைச் சுமந்தது எழுத்துதான். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

இரு கட்சிகளின் வாதம்

கணினி நம் பக்கத்துக்குப் புதிதல்ல. சைனிக்புரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஈசிஐஎல் நிறுவனம் இருக்கிறது. 1967-ல் தொடங்கிய அந்நிறுவனம் 1969-லேயே டிடிசி-12 என்ற கணினியை உருவாக்கியது. அதை நிறுவிய ஏ.எஸ். ராவ் அவர்களின் பெயரைத்தான் நாம் காய்கறி வாங்கப் போகும் ஏ.எஸ். ராவ் நகர் தாங்கி நிற்கிறது. ஆனால் அக்காலக் கணினிகள் எல்லாமே ஆங்கில எழுத்தை வைத்துத்தான் வளர்ந்தன. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி என்ற பட்டியலில் மொத்தம் 128 இடங்கள். ஆங்கிலச் சிறிய எழுத்து, பெரிய எழுத்து, இலக்கம், நிறுத்தற்குறி, சில கட்டளைகள் ஆகியவற்றோடு பட்டியல் நிரம்பிவிட்டது.

1971-ல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு வலையமைப்பு வழியாக முதல் மின்னஞ்சலை அனுப்பினார். 1982-ல் மடலின் வடிவத்துக்கு ஒரு பொது விதி வந்தது. அந்த விதிக்குத் தெரிந்தது ஆஸ்கி எழுத்து மட்டுமே. படமோ பிற மொழி எழுத்தோ மடலில் போக வேண்டுமானால் என்ன செய்வது என்பதற்கு 1992-ல் மைம் என்ற முறை வந்தது. அதன் பின்னரே எச்டிஎம்எல் மடலுக்கு வழி பிறந்தது.

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் மூலம் கிடைத்தது. அப்போது குறைந்த கட்டணத்தில் கிடைத்த ‘ஷெல்’ கணக்கில் படம் எதுவும் தெரியாது, எழுத்து மட்டும்தான். தொலைபேசிக் கம்பியில் மோடம் கீச்சுக் கீச்சென்று கத்தி, கோடு கோடாக மடல் இறங்கும். அதே 1995-ல் அக்டோபர் மாதம் ஆர்எஃப்சி 1855 என்ற இணைய நடத்தைக் குறிப்பும் வெளியாயிற்று. ஒரு வரி 65 எழுத்துக்குள் இருக்கட்டும், அடியில் போடும் கையொப்பம் நான்கு வரிக்கு மேல் வேண்டாம், முழுக்கப் பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவது போல் இருக்கும் என்றெல்லாம் அது அறிவுரை சொன்னது. இன்று படித்தால் சிரிப்பு வரலாம். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரே அக்கறைதான் இருந்தது: பெறுகிறவரின் திரை சிறியது, கட்டணம் அவர் கையிலிருந்து போகிறது.

எளிய உரைக் கட்சியின் வாதம் சிக்கனம் மட்டுமன்று, பாதுகாப்பும்கூட. எச்டிஎம்எல் மடலில் ஒரு வங்கியின் முகவரியை எழுதிக் காட்டிவிட்டு, அதைத் தொட்டால் வேறு இடத்துக்குப் போகும்படி செய்யலாம். கண்ணுக்குத் தெரியாத சின்னப் படத்தை ஒளித்து வைத்து, நீங்கள் மடலைத் திறந்தீர்களா என்று வேவு பார்க்கலாம். 1999-ல் வந்த பபுள்பாய் என்ற கிருமி, இணைப்பு எதையும் திறக்காமலே, மடலைத் திறந்தாலே தொற்றிக்கொண்டது. 2018-ல் இஃபெயில் என்ற பெயரில் வெளியான ஆய்வு, பூட்டி அனுப்பிய ரகசிய மடலைக்கூட எச்டிஎம்எல் வழியாகக் கசிய வைக்க முடியும் என்று காட்டியது.

அலங்கார உரைக் கட்சியையும் கேட்போம். வரவு செலவுக் கணக்கு அனுப்பினால் அட்டவணை வேண்டும். பத்து விஷயம் சொன்னால் தலைப்பு வேண்டும். தட்டச்சுப் பொறியில் அடித்த மாதிரி இருக்கும் மடலை யார் ஆசையாகப் படிப்பார்கள்? கோலம் போடாத வாசல் மாதிரி இருக்கிறதே என்பார்கள். இதிலும் உண்மை உண்டு. உலக வழக்கில் வென்றது இவர்கள்தான். இன்று நமக்கு வரும் பெரும்பாலான மடல்கள் எச்டிஎம்எல் மடல்களே.

தமிழுக்கு மட்டும் வந்த தலைவலி

இப்போது நம் கதைக்கு வருவோம். 128 இடம் உள்ள பட்டியலில் தமிழுக்கு இடமே இல்லை. அப்படியானால் 1990-களில் தமிழர்கள் எப்படி எழுதினார்கள்? இரண்டு வழிகள் இருந்தன.

முதல் வழி, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவது. 1995-ல் சிட்னியிலிருந்து பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட் மடற்குழுவிலும் தொடக்கத்தில் பலர் இப்படித்தான் எழுதினர். இதன் நன்மை, எந்தக் கணினிக்கும் போய்ச் சேரும். தீமை என்னவென்று எங்கள் குடும்பத்துக்கு நன்றாகத் தெரியும். 1999-ல் எங்கள் அத்தைக்கு ஊரில் ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. அத்தை மகன் தஞ்சாவூர் பிரவுசிங் சென்டர் ஒன்றிலிருந்து ஆங்கில எழுத்தில் இரண்டு வரி அனுப்பினான். அவன் சொல்ல வந்தது ‘இனி வலி இல்லை’. இங்கே என் மனைவி படித்தது ‘இனி வழி இல்லை’. ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே ஆங்கில எழுத்தைப் போட்டால் வலி, வளி, வழி எல்லாம் ஒன்றாகிவிடும். எஸ்டிடி பூத்துக்கு ஓடி, லைன் கிடைத்து, அத்தையின் குரலையே கேட்ட பிறகுதான் வீட்டில் அழுகை நின்றது.

இரண்டாவது வழி, எழுத்துரு. கணினியில் ஆங்கில எழுத்துக்கும் மேலே உள்ள எண்களுக்கும் உரிய உருவத்தை எடுத்துவிட்டு, அங்கே தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைப்பது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் உருவாக்கிய மயிலை, மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை. திரையில் தமிழ் அழகாக வந்தது. ஆனால் ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வோர் எண் வரிசையை வைத்துக்கொண்டது. ஒருவர் ‘க’ வைத்த இடத்தில் இன்னொருவர் ‘மு’ வைத்திருப்பார். பெறுகிறவரிடம் அதே எழுத்துரு இல்லாவிட்டால் மடல் முழுக்கப் புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகக் கொட்டும்.

எளிய உரையா அலங்கார உரையா என்ற வழக்கு தமிழில் தலைகீழாவது இங்கேதான். எளிய உரை மடலில் ‘இது இன்ன எழுத்துரு’ என்று சொல்ல இடம் கிடையாது. எச்டிஎம்எல் மடலில் சொல்லலாம். ஆகவே தமிழ் அன்பர்கள் பலர் நிறத்துக்காகவோ படத்துக்காகவோ இன்றி, தமிழ் தெரிவதற்காகவே எச்டிஎம்எல் மடலை விரும்பினார்கள். ஆனால் மடல் எழுத்துருவின் பெயரைத்தான் சுமந்து போகும். எழுத்துருவைச் சுமந்து போகாது. பெறுகிறவர் தேடி இறக்கிப் பொருத்திக்கொள்ள வேண்டும். உபசாரம் செய்ய வேண்டியவர் விருந்தாளியைப் பார்த்து ‘இலையும் நீங்களே கொண்டு வாருங்கள்’ என்று சொன்ன கதைதான்.

பொது எண் வரிசை

இதற்கு மருந்து, எல்லோரும் ஒரே எண் வரிசையைப் பயன்படுத்துவது. 1997-ல் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் சிங்கப்பூரில் தமிழ்நெட் 97 மாநாடு கூடியது. அதன் பின் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து திஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். கீழே 128 இடம் ஆங்கிலத்துக்கு, மேலே 128 இடம் தமிழுக்கு. 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு டேப், டாம் என்ற இரு குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. ‘பொது’ வரிசையே மூன்றாகிவிட்டதே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. தமிழர்கள் கூடினால் அது சகஜம்தானே!

இறுதியில் நிலைத்தது யூனிகோடு எனும் ஒருங்குறி. உலக மொழிகள் எல்லாவற்றின் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பெரும்பட்டியல் அது. 1991-ல் வெளியான முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. ஆனால் வீட்டுக் கணினிகளில் அது எட்டிப் பார்த்தது 2000-ல், விண்டோஸ் 2000-உடன் லதா எழுத்துரு வந்தபோதுதான். விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களுக்கு அதன் பிறகும் பல காலம் கட்டம் கட்டமாகத்தான் தெரிந்தது. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டின் சமயத்தில், தமிழக அரசு ஒருங்குறியையும் டேஸ்-16 என்ற குறியீட்டையும் தரமாக ஏற்று ஆணையிட்டது.

ஒருங்குறி வந்த பிறகும் ஒரு வேடிக்கை நடந்தது. ‘அம்மா’ என்று எழுதி அனுப்பினால் சிலருக்கு இப்படி வரும்:

&#2949;&#2990;&#3021;&#2990;&#3006;

இதில் 2949 என்பது அ, 2990 ம, 3021 புள்ளி, மறுபடியும் 2990 ம, 3006 கால். தமிழை அறியாத ஒரு வலைப்பக்கத்தில் மடலைத் தட்டச்சு செய்தால், உலாவி ஒவ்வோர் எழுத்தையும் இப்படி எண்ணாக மாற்றி அனுப்பிவிடும். அது எச்டிஎம்எல் மடலாகத் திறந்தால் மறுபடி தமிழாகும். எளிய உரையாகத் திறந்தால் எண்ணாகவே நிற்கும். யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டில் அடங்க வேண்டிய ‘அம்மா’ இங்கே 35 குறிகளாகப் பெருத்துவிடுகிறாள். இன்று ஏறக்குறைய எல்லா மின்னஞ்சல் சேவைகளும் யூடிஎஃப்-8-க்கு வந்துவிட்டதால் இத்தொல்லை அரிது. தமிழுக்கு இனி எளிய உரையே போதும். எழுத்துருவின் பெயரைச் சொல்ல எச்டிஎம்எல் தேவையில்லை.

பழைய மடல்களுக்கு என்ன ஆயிற்று?

என் தகப்பனார் 2001-லும் 2002-லும் கும்பகோணத்தில் தம்பி வீட்டுக் கணினியில் ஒற்றை விரலால் தட்டி எனக்கு முப்பதுக்கும் மேற்பட்ட மடல்கள் எழுதினார். அவர் காலமான பிறகு ஒரு நாள் அவற்றைத் திறந்து பார்த்தேன். எல்லாம் ஐரோப்பிய எழுத்துக் குவியல். ஆனால் பெரும்பாலானவை திஸ்கியில் எழுதிய எளிய உரை. சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் இருக்கின்றன. ஒரு பக்கம் பழைய எழுத்தை ஒட்டினால் மறுபக்கம் ஒருங்குறித் தமிழ் வந்துவிடும். ‘மாமரத்தில் இந்த வருஷம் காய்ப்பு குறைவு’ என்ற வரி அப்படித்தான் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

நான்கு மடல்கள் மட்டும் கிடைக்கவில்லை. ஒரு வாழ்த்து மென்பொருளில் பூ வேலைப்பாட்டுடன், அதற்கே உரிய எழுத்துருவில் ஆசையாகச் செய்து அனுப்பியவை அவை. பூக்கள் அப்படியே இருக்கின்றன. அந்த எழுத்துருவும் கிடைக்கவில்லை, எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பட்டியலும் கிடைக்கவில்லை. ஊகித்து ஊகித்து ஒன்றில் பாதி படித்தேன். மற்ற மூன்றில் அப்பா என்ன எழுதினார் என்பது இன்றுவரை தெரியாது.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். பல நாட்டு அன்பர்கள் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து மின்னஞ்சலில் ஒருவருக்கொருவர் அனுப்பித் திருத்தி வெளியிட்டார்கள். பட்டியல் உள்ள பொதுக் குறியீட்டில் எழுத்தாக வைத்ததால், ஒருங்குறி வந்தபோது அந்நூல்களை மாற்றிக்கொள்ள முடிந்தது. அலங்காரம் காலத்தோடு போய்விடும். பொது எண் வரிசையில் உள்ள எழுத்து தப்பிப் பிழைக்கும்.

எழுத்தாக இருந்தால் நம் பிள்ளைகளுக்கு என்ன லாபம்?

நம் வீட்டுப் பிள்ளைகளைப் பாருங்கள். பள்ளியில் தெலுங்கு, இந்தி, ஆங்கிலம். வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஆனால் பலருக்குத் தமிழ் படிக்க வராது. ஊரிலிருக்கும் தாத்தாவுக்கோ தமிழ் தவிர வேறு எழுதத் தெரியாது. இருவருக்கும் நடுவே என்ன பாலம்?

தாத்தா அனுப்புவது ஒருங்குறி எழுத்தாக இருந்தால் கைபேசி அதை உரக்கப் படித்துக் காட்டும். என் பேத்தி அப்படித்தான் கேட்கிறாள். "தாத்தா மெயில் பேசுது" என்பாள். தெலுங்கு எழுத்தில் மாற்றியும் படிக்கலாம். இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. ஒருங்குறியில் இந்திய எழுத்துகளை, 1988-ல் வந்த இஸ்கி என்ற நம் நாட்டுக் குறியீட்டைப் பின்பற்றி, ஒன்றுக்கொன்று இணையாக அடுக்கியிருக்கிறார்கள். தமிழ் ‘அ’வின் எண் 2949, அதோடு 128-ஐக் கூட்டினால் 3077, அது தெலுங்கு ‘அ’. தமிழ் ‘க’ 2965. 128 கூட்டினால் 3093, தெலுங்கு ‘க’. ன போன்ற சிலவற்றைத் தவிரப் பெரும்பாலான எழுத்துகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். சைனிக்புரியில் தெலுங்கு படித்து வளரும் பிள்ளைக்குத் தமிழ் 128 படி தூரத்தில்தான் இருக்கிறது!

ஆனால் அதே தாத்தா அழகான ரோஜாப்பூப் படத்தின் மேல் அச்சடித்த வாழ்த்தை அனுப்பினால்? சாதாரணமாக வாசிக்கும் வசதிக்கு அது வெறும் படம். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் இப்போது உண்டு என்றாலும், பூ வேலைக்கு நடுவே அது தடுமாறும். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான்களுக்கும் இதே சங்கடம்தான்.

சங்கத்தின் சுற்றறிக்கைகளை அனுப்பும் பணியில் சில ஆண்டுகள் உதவியிருக்கிறேன். ஒரு பொங்கல் விழாவுக்கு அழைப்பிதழ் பெரிய வண்ணப் படமாக மட்டும் போயிற்று. கண்புரை சிகிச்சைக்குக் காத்திருந்த ஒரு பெரியவர் எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், படம் மங்கியது. இன்னொரு வீட்டில் மின்னஞ்சல் நிரல் படத்தையே தடுத்துவிட்டது, வெறும் கட்டம். அந்தப் படத்தின் அடியில்தான் தமிழ் வகுப்பில் சேரக் கடைசித் தேதி இருந்தது. தேதி கழிந்த பிறகு இரண்டு தாய்மார்கள் வந்து கேட்டார்கள். அடுத்த ஆண்டு முதல் அதே படத்தோடு ஐந்து வரி எழுத்தும் சேர்த்து அனுப்பினோம். யாரும் குறை சொல்லவில்லை.

ஒரே உறைக்குள் இரண்டு கடிதம்

இரு கட்சிகளுக்கும் சமாதானம் 1992-ன் மைம் முறையிலேயே இருக்கிறது. ஒரே மடலுக்குள் எளிய உரையாக ஒன்றும் எச்டிஎம்எல்லாக ஒன்றும், ஆக இரண்டு வடிவங்களை வைத்து அனுப்பலாம். பெறுகிற கருவி தன்னால் முடிந்ததை எடுத்துக் காட்டும். பெரும்பாலான மின்னஞ்சல் நிரல்கள் அலங்கார மடல் எழுதும்போது இதை நமக்குத் தெரியாமலே செய்கின்றன. ஆனால் எளிய வடிவத்தில் நிறமும் படமும் உதிர்ந்துவிடும். ‘சிவப்பில் உள்ளவர்கள் இன்னும் சந்தா கட்டவில்லை’ என்று எழுதினால் அங்கே யார் சிவப்பு? ஆகவே எப்போதும் சொல்வேன்: நிறம் உதிர்ந்தாலும் பொருள் நிற்கிற மாதிரி எழுதுங்கள்.

தமிழில் அழுத்தம் எங்கே இருக்கிறது?

ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதினால் கத்துவதாக அர்த்தம். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லை. நம்மால் அப்படிக் கத்த முடியாது. சாய்வெழுத்து 1501 வாக்கில் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனுஷியஸ் என்ற அச்சகத்தார் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. தமிழ் எழுத்தைச் சாய்த்தால் சுழிகள் நெரிந்துதான் போகின்றன. அடிக்கோடு போட்டால் கு, மு, ழு முதலியவற்றின் கீழ்ச்சுழி மேல் கோடு ஏறிவிடும்.

நமக்கு இவை தேவையும் இல்லை. ‘நாளை வாருங்கள்’ என்பதை அழுத்த வேண்டுமா? ‘நாளையே வாருங்கள்’. ‘நீங்கள் வர வேண்டும்’ என்பதை அழுத்த ‘நீங்கள்தான் வர வேண்டும்’. ஓர் ஏகாரமும் ஒரு ‘தான்’-உம் செய்கிற வேலையைச் சிவப்பு மை செய்யாது. மரியாதையும் அப்படியே. ‘அனுப்பு’, ‘அனுப்புங்கள்’, ‘அனுப்ப வேண்டுகிறேன்’ என்று மூன்று படிகள் வினைச்சொல்லிலேயே இருக்கின்றன. ‘அன்புள்ள சித்தப்பாவுக்கு’ என்று தொடங்கினால் போதும், தங்க நிறப் பின்னணி வேண்டியதில்லை.

நம் வீடுகளுக்குச் சில வழக்கங்கள்

கட்டுரையின் பயன் கருதி, நான் கடைப்பிடித்து நன்மை கண்டவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. பொருள் வரியில் ‘வணக்கம்’ என்று மட்டும் போடாதீர்கள். ‘அத்தை நலம், வியாழன் வீடு திரும்புகிறார்’ என்று போட்டால் திறப்பதற்கு முன்பே நெஞ்சு ஆறும்.

2. நலம் விசாரியுங்கள், அது நம் பண்பு. ஆனால் இரண்டு வரிக்குள் முடித்து விஷயத்துக்கு வாருங்கள்.

3. நாள், நேரம், இடம், தொகை, தொலைபேசி எண் ஐந்தும் எப்போதும் தட்டச்சு செய்த எழுத்தாக இருக்கட்டும். படம் கூடுதலாகப் போகலாம். தனியாகப் போகக் கூடாது.

4. பலருக்கு ஒரே மடல் அனுப்பினால் முகவரிகளைப் பிசிசியில் வையுங்கள். ஒருவர் முகவரியை நூறு பேருக்குக் காட்ட நமக்கு உரிமை இல்லை. பதில் எழுதும்போது ‘ரிப்ளை ஆல்’ பொத்தானை யோசித்துத் தொடுங்கள்.

5. பதிலில் முந்தைய மடல்கள் எல்லாம் வால் போல் தொங்க வேண்டாம். எந்தக் கேள்விக்குப் பதிலோ அந்த வரியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நீக்குங்கள்.

6. வேர்டு கோப்பிலிருந்து நகலெடுத்து அப்படியே ஒட்டினால் எழுத்தைவிட அலங்காரக் குறிப்புகள் பல மடங்கு கனத்துவிடும். 102 கிலோபைட்டைத் தாண்டிய மடலை ஜிமெயில் நடுவில் வெட்டி, மீதியைத் தனியாகத் திறக்கச் சொல்லும். ‘வடிவமைப்பு இல்லாமல் ஒட்டு’ என்ற வசதியைப் பயன்படுத்துங்கள்.

7. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியே ஆக வேண்டும் என்றால், உடல்நலம், பணம், பயணம் பற்றிய வரிகளை ஆங்கிலத்திலோ தமிழ் எழுத்திலோ இன்னொரு முறை எழுதிவிடுங்கள். வலியும் வழியும் விளையாட்டல்ல.

8. பழைய எழுத்துருவில் உள்ள மடல்களை இந்த ஆண்டே ஒருங்குறிக்கு மாற்றி வையுங்கள். மாற்றிகள் இன்று இருக்கின்றன; எழுதியவர்களில் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். படிக்க முடியாத வரியை அவர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இந்த எட்டில் கடைசியைத்தான் நான் வற்புறுத்திச் சொல்வேன். கணினி தெரிந்த பிள்ளைகள் நம் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். வருகிற விடுமுறையில் ஒரு மதியம் தாத்தா பாட்டியை அருகில் உட்கார வைத்துக்கொண்டு, பழைய மடல்களை ஒவ்வொன்றாகத் திறந்து மாற்றச் சொல்லுங்கள். எப்படிச் செய்வது என்று தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வரலாம். மடிக்கணினியோடு காத்திருப்பேன்.